பின்தொடர்வோர் பட்டியலில் புகுந்துவிட்ட போலிக் கணக்குகளை எப்படிக் களைவது?

பட்டறைப் பெண், ஆத்தங்குடி:

அனைவருக்கும் வணக்கம். என் மாமனார் ஆத்தங்குடியில் பல ஆண்டுகளாகப் பூக்கல், அதாவது பூ வேலைப்பாடுள்ள தரைக்கல், செய்யும் பட்டறை நடத்தி வருகிறார். கல் போடும் வேலையை அவரும் ஆறு பணியாளர்களும் பார்த்துக்கொள்ள, வெளியூர் வாடிக்கையாளர்களுடன் பேசுவதையும் இன்ஸ்டாகிராம் பக்கத்தைக் கவனிப்பதையும் நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

கடந்த தை மாதம் வரை எங்கள் பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்கள் 3,200 பேர். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் புதிதாக வீடு கட்டுபவர்கள், கட்டடக் கலைஞர்கள், பழைய வீட்டின் முகப்பையோ வளவையோ புதுப்பிக்க எண்ணியிருக்கும் நகரத்தார் குடும்பத்தினர். ஒரு படம் போட்டால் 250 பேராவது விருப்பம் தெரிவிப்பார்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று ஆர்டர்கள் அந்தப் பக்கத்தின் வழியாகவே வந்துவிடும். மாசியில், இறுகிய கல்லிலிருந்து அடிக் கண்ணாடியைப் பிரித்தெடுக்கும்போது பூ வேலைப்பாடு ஈரப் பளபளப்புடன் வெளிப்படும் காட்சியை அரை நிமிட ரீலாகப் போட்டேன். அதை நான்கு லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். இரண்டே வாரத்தில் பின்தொடர்வோர் எண்ணிக்கை 11,400 ஆகிவிட்டது.

முதலில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஒரு நாள் இரவு பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தபோதுதான் மனம் கலங்கியது. முகப்புப் படமே இல்லாத சாம்பல் நிற வட்டங்கள் திரை நிறைய வரிசையாக நின்றன. பெயருக்குப் பின்னால் எட்டு இலக்க எண், ஒரு பதிவுகூட இல்லாத பக்கம், பணத்தை ஒரே வாரத்தில் இரட்டிப்பாக்கித் தருவதாக அழைக்கும் லிங்க் என்று அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தன. எண்ணிக்கை மூன்றரை மடங்காகியும், இப்போது ஒரு படத்துக்கு 190 விருப்பங்களைத் தாண்டுவதே அரிதாக இருக்கிறது.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். சென்ற வாரம் கோலாலம்பூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் மாமனாரைத் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, உங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டதா?" என்று கேட்டார். எங்கள் பட்டறைப் பெயரில், நடுவே ஒரே ஓர் அடிக்கோடு மட்டும் கூடுதலாகச் சேர்த்து, மாமனாரின் படத்தையும் எடுத்துப் போட்டு யாரோ ஒரு கணக்கைத் திறந்திருக்கிறார்கள். அங்கிருந்து அவருக்குச் செய்தி அனுப்பி, மழைக்காலத்துக்கு முன் கல் போட்டாக வேண்டும் என்று சொல்லிப் பாதித் தொகையை முன்பணமாகக் கேட்டிருக்கிறார்கள். அவர் சந்தேகப்பட்டுக் கேட்டதால் பணம் தப்பியது. கேட்காமல் அனுப்பியிருந்தால், வாங்காத பணத்துக்கு மாமனார் கல் போட்டுக் கொடுத்திருப்பார். அவர் சுபாவம் அப்படி.

அந்தப் போலியும் எங்களைப் பின்தொடர்பவர்களில் ஒருவராகத்தான் இருந்தது. ஆயிரக்கணக்கான கணக்குகளை ஒவ்வொன்றாக நீக்குவதா, மொத்தமாக நீக்கித் தருவதாகச் சொல்லும் செயலிகளை நம்பலாமா, இல்லை, பக்கத்தையே மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதா என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.


வலைப்பணி, புதுவயல்:

வணக்கம் சகோதரி. காரைக்குடி, புதுவயல் வட்டாரத்தில் சில கடைகளின் சமூக ஊடகப் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். பக்கத்தை மூடும் எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். நீங்கள் மூடிவிட்டால், உங்கள் பெயரில் மிஞ்சுவது அந்தப் போலிக் கணக்கு மட்டும்தான்.

மொத்தமாக நீக்கித் தரும் வெளிச் செயலிகளை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். அவற்றில் பல உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு, உங்கள் பெயரால் உள்ளே நுழைந்து வேலை செய்பவை. இன்ஸ்டாகிராம் விதிகளுக்கு அது புறம்பானது என்பதோடு, ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான கணக்குகளை நீக்கும்போது உங்கள் கணக்கே தானியங்கி என்று சந்தேகிக்கப்பட்டுச் சில நாட்கள் முடக்கப்படலாம். கடவுச்சொல் இன்னொருவர் கைக்குப் போனபின் பக்கம் யாருடையது என்பதே கேள்வியாகிவிடும். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். ஏற்கெனவே அப்படி எதையாவது முயன்றிருந்தால் இன்றே கடவுச்சொல்லை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்பது) இயக்கி, எந்தெந்தக் கைப்பேசிகளிலிருந்து உங்கள் கணக்கு திறக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலையும் பார்த்துவிடுங்கள்.

இந்தக் கணக்குகள் ஏன் உங்களிடம் வந்தன என்று தெரிந்தால் எதை முதலில் நீக்குவது என்பதும் தெளியும். பின்தொடர்வோரை விலைக்கு விற்பவர்கள் ஆயிரக்கணக்கில் கணக்குகளை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். அவை காசு கொடுத்தவர்களை மட்டுமே பின்தொடர்ந்தால் எளிதில் அடையாளம் தெரிந்துவிடும் என்பதால், பரவலாகப் பார்க்கப்படும் பக்கங்களையும் பின்தொடரச் செய்து, உண்மையான மனிதரைப் போலக் காட்டுகிறார்கள். உங்கள் ரீல் பரவிய நேரத்தில் எண்ணிக்கை ஏறியதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இத்தகைய வெற்றுக் கணக்குகளால் உங்களுக்கு வரும் கேடு குறைவு. இரண்டாவது வகை, லிங்க்கும் ஆசை வார்த்தையும் அனுப்பும் கணக்குகள். மூன்றாவது வகைதான் கொடியது. உங்கள் பின்தொடர்வோர் பட்டியலையும், படத்தின் கீழ் "விலை என்ன?" என்று கேட்பவர்களையும் பார்த்து, அவர்களை நோக்கிப் போகும் நகல் கணக்கு அது. மூன்றாவதிலிருந்து தொடங்கி முதலாவதற்கு வாருங்கள்.

நகல் கணக்கின் பக்கத்தைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் 'ரிப்போர்ட்' வரும். அதில் வேறொருவராக நடிக்கிறார் என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்து, உங்கள் தொழில் பக்கத்தைக் குறிப்பிட வேண்டும். பிளாக் செய்வதை அதற்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் செய்வதற்கும் முன்னால், அந்தப் பக்கத்தின் முகவரியும் செய்திகளும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே மூன்று புள்ளிகளுக்குள் 'அபவுட் திஸ் அக்கவுண்ட்' என்று ஒன்று பல கணக்குகளுக்கு இருக்கும். கணக்கு எந்த மாதம் தொடங்கப்பட்டது, எந்த நாட்டைச் சேர்ந்தது, இதற்குமுன் எத்தனை முறை பெயர் மாற்றப்பட்டது என்பதெல்லாம் அதில் தெரியும். பல ஆண்டுகளாக நடக்கும் பட்டறையின் பெயரில் போன மாதம் தொடங்கிய கணக்கு என்றால் வாடிக்கையாளருக்கே விளங்கிவிடும்.

மற்றவற்றுக்கு 'ரிமூவ்', 'பிளாக்' என்ற இரண்டின் வேறுபாட்டைக் கவனியுங்கள். ரிமூவ் செய்தால் அவர்களுக்கு அறிவிப்பு போகாது. பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் விலகிவிடுவார்கள், ஆனால் உங்கள் பக்கம் பொதுவில் இருப்பதால் மறுபடியும் வந்து சேரலாம். பிளாக் செய்யப்பட்டவர்கள் அந்தக் கணக்கிலிருந்து திரும்ப வர முடியாது. லிங்க் அனுப்பும் கணக்குகளை ரிப்போர்ட் செய்து பிளாக் செய்யுங்கள். வெற்றுக் கணக்குகளை ரிமூவ் செய்தால் போதும். ஒரே நாளில் முடிக்க நினைக்காமல், இரவு கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக நீக்குங்கள். சில கணக்குகளில், ஸ்பேமாக, அதாவது வேண்டாத போலிக் கணக்காக, இருக்கலாம் என்று இன்ஸ்டாகிராமே கருதும் பின்தொடர்வோரைத் தனியே பிரித்துக் காட்டி மொத்தமாக நீக்க விடுகிறது. உங்கள் பட்டியலின் மேற்பகுதியில் அது தென்படுகிறதா என்று பாருங்கள். இருந்தால் வேலை பாதியாகக் குறையும்.

கணக்கைத் தனிப்பட்டதாக மாற்றிக்கொள்ளும்படி சிலர் சொல்வார்கள். உங்களுடையது தொழில் கணக்கு என்றால் அதைப் பொதுவில்தான் வைத்திருக்க முடியும். தனிநபர் கணக்காக மாற்றிய பிறகே பூட்ட இயலும் என்பதுடன், அவ்வாறு மாற்றும்போது பக்கத்தை யார் யார் பார்க்கிறார்கள் என்று இதுவரை சேர்ந்த 'இன்சைட்ஸ்' விவரங்களும் போய்விடும். இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. பூட்டிய கணக்கை மறுபடி பொதுவில் திறந்தால், காத்திருக்கும் கோரிக்கைகள் அனைத்தும் தாமாகவே ஏற்கப்பட்டுவிடும். ஆகவே அந்த வழியில் போகிறவர்கள் திறப்பதற்கு முன் கோரிக்கைகளைப் பார்த்து நீக்கிவிட வேண்டும். உங்கள் நிலையில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.


விருந்தினர் இல்லம், கானாடுகாத்தான்:

நான் சற்று மாறுபடுகிறேன். பழைய வீடொன்றைத் தங்கும் விடுதியாக நடத்தி வருகிறேன். எங்கள் பக்கத்திலும் இதே நிலைதான். நகல் கணக்கைப் பற்றிச் சொன்னதில் மறுப்பில்லை. ஆனால் வெற்றுக் கணக்குகளைப் பொறுக்கிக்கொண்டு உட்காருவது, உழைக்கும் குடும்பத்தின் நேரத்தை வீணாக்குவது என்றே கருதுகிறேன். அந்த வேலையை நிறுவனங்களே அவ்வப்போது செய்கின்றன. 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் போலிக் கணக்குகளைக் களையெடுத்தபோது, அந்நிறுவனத்தின் சொந்தப் பக்கமே ஏறத்தாழ 1 கோடியே 89 லட்சம் பின்தொடர்வோரை இழந்தது. 2019-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மட்டும் ஃபேஸ்புக் ஏறத்தாழ 220 கோடிப் போலிக் கணக்குகளை நீக்கியதாக அறிவித்தது. அத்தனை பெரிய வெள்ளத்தை நாம் கையால் இறைத்துவிட முடியுமா? நான் கணக்குகளை நீக்குவதை நிறுத்தி ஓர் ஆண்டாகிறது. விடுதிக்கு வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.


பேரேடு, தேவகோட்டை:

மேலே கூறிய கருத்தை மதிக்கிறேன். எனினும் ஒரு வணிகக் குடும்பம் இதை வேறு கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஆண்டு முடிவில் ஐந்தொகை எனும் இருப்புநிலைக் கணக்கை எடுக்கும்போது, இனி வராது என்று தெரிந்த கடனைப் பேரேட்டில் வரவேண்டிய தொகையாகவே வைத்திருக்க மாட்டார்கள். அதை வாராக்கடன் என்று தனியே எழுதிக் கழித்துவிட்டு, மீதியைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டுக்குக் கொள்முதல் செய்வார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்தவர்களின் பழைய ஏடுகளைப் புரட்டியவர்களுக்கு இந்த ஒழுங்கு தெரியும்.

அந்தச் சகோதரி கொடுத்த எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 3,200 பேரில் 250 விருப்பங்கள் என்றால் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டு. 11,400 பேரில் 190 என்றால் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. சென்னையிலிருந்து ஒரு கட்டடக் கலைஞர் பெரிய வேலைக்காகப் பட்டறைகளை ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இந்த விகிதத்தைப் பார்த்தால், இவர்கள் பின்தொடர்வோரை விலைக்கு வாங்கியிருக்கிறார்கள் என்றே முடிவு செய்வார். செய்யாத குற்றம் பட்டறையின் பெயரில் ஏறிவிடும். அது மட்டுமன்று. பக்கத்தின் 'இன்சைட்ஸ்' பகுதியில் பின்தொடர்வோர் எந்தெந்த ஊர்க்காரர்கள் என்று காட்டுவார்கள். நம் சரக்குக்குத் தொடர்பே இல்லாத நகரங்கள் அதில் முன்னால் நின்றால், விளம்பரத்துக்குக் கொடுக்கும் பணத்தை எந்த ஊர் பக்கம் செலுத்துவது என்ற தீர்மானமே பிழையாகிப் போகும்.

விலைக்கு வாங்குவதைப் பற்றி மனம் வருந்தி ஒன்று எழுதுகிறேன். என் தம்பி மகன் பலகாரக் கடை தொடங்கிய புதிதில், ஒரு விளம்பர முகவர் பேச்சைக் கேட்டு மூவாயிரம் ரூபாய்க்குப் பத்தாயிரம் பின்தொடர்வோரை வாங்கிவிட்டான். சீப்புச் சீடையும் மனகோலமும் தேன்குழலும் விற்கும் கடைக்கு, தமிழ் எழுத்தே தெரியாத பத்தாயிரம் பேர். ஆறு மாதத்தில் அவர்களில் பாதிப் பேரைக் காணோம். மீதிப் பேர் ஒரு பொட்டலம் வாங்கவில்லை. தீபாவளிக்கு இவ்வளவு பேர் வாங்குவார்கள் என்று எண்ணி அவன் கூடுதலாகப் போட்ட சரக்கு தேங்கி நின்றதைப் பார்த்தவன் நான். எண்ணெய் காறிப் போன தேன்குழலை மூட்டையாகக் கட்டி வெளியே வைத்த அன்று அவன் சாப்பிடவில்லை.

இது எங்கும் நடக்கும் வணிகம்தான். அமெரிக்காவில் டெவுமி என்ற நிறுவனம் போலிப் பின்தொடர்வோரை விற்றதை 2018 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் விரிவாக வெளியிட்டது. மறு ஆண்டு அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் அதன் மீது நடவடிக்கை எடுத்தது. போலி என்று தெரிந்தே வணிக நோக்கத்துக்காகப் பின்தொடர்வோரை வாங்குவதும் விற்பதும் 2024 அக்டோபர் முதல் அங்கு விதியாலேயே தடுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே எண்ணிக்கை குறைவதைப் பற்றி வீட்டில் யாராவது வருந்தினால், அது வாராக்கடனைக் கழித்த கணக்கு என்று சொல்லுங்கள். மாதம் ஒரு முறை, முதல் தேதியன்று, பின்தொடர்வோர் எத்தனை, விருப்பம் எத்தனை, விசாரித்தவர்கள் எத்தனை, கல் வாங்கியவர்கள் எத்தனை என்று ஒரு சிட்டையில் குறித்து வாருங்கள். கடைசி எண்ணிக்கை மட்டும் ஏறினால் போதும்.


தறிவீடு, காரைக்குடி:

தங்கை, உன் செய்தியைப் படித்தவுடன் எனக்குப் பழைய வேதனை திரும்பியது. நாங்கள் கண்டாங்கிச் சேலை நெய்து விற்கிறோம். 2019-இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபின் விசாரிப்பவர்கள் பெருகினார்கள். கூடவே எங்கள் படங்களைத் திருடிக் கடை விரித்தவர்களும் பெருகினார்கள். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், மகளின் சீமந்தத்துக்கென்று பதினோரு சேலைக்குப் போலிக் கணக்கில் பணம் கட்டி ஏமாந்தார். அவர் என்னிடம் கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "உங்கள் மேல் தவறில்லை அம்மா" என்று அவர் சொன்னதுதான் இன்றும் நெஞ்சில் நிற்கிறது.

அதன்பின் நாங்கள் கைக்கொண்ட சில பழக்கங்களைச் சொல்கிறேன். "விலை என்ன?" என்று படத்தின் கீழ் யாராவது கேட்டால், முன்பெல்லாம் "டிஎம் பார்க்கவும்" என்று, அதாவது தனிச் செய்தியைப் பாருங்கள் என்று, எழுதிவந்தோம். ஏமாற்றுபவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது அந்தப் பழக்கம்தான். வாடிக்கையாளர் செய்திக்காகக் காத்திருக்கும் வேளையில் நகல் கணக்கு முந்திக்கொண்டு எழுதிவிடும். இப்போது விலையை அந்த இடத்திலேயே வெளிப்படையாக எழுதிவிடுகிறோம். உங்கள் கல்லுக்குச் சதுர அடி விலை வேலைப்பாட்டைப் பொறுத்து மாறும் என்றால், எந்த விலை முதல் எந்த விலை வரை என்றாவது எழுதலாம். பக்கத்தின் முகப்பில் ஒரே ஒரு தொலைபேசி எண், முன்பணம் கேட்டால் அந்த எண்ணை அழைத்து உறுதி செய்துகொள்ளவும் என்ற ஒரு வரி, அதே செய்தி, முகப்பில் நிலையாக நிற்கும் ஹைலைட்டில் ஒரு படமாக. பணம் வாங்கும் முன் பட்டறைப் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக அச்சிட்ட விலைப்பட்டியலை அனுப்பிவிடுங்கள். பணம் அனுப்பும்போது திரையில் வேறொரு பெயர் தோன்றினால் வாடிக்கையாளர் அங்கேயே நின்றுவிடுவார்.

நகல் கணக்கு இருப்பது தெரிந்த அன்றே, வெட்கப்படாமல் அதைப் பொதுவில் சொல்லுங்கள். சொன்னால் பக்கத்துக்குக் கெட்ட பெயர் வரும் என்று என் வீட்டுக்காரர் மூன்று நாள் தடுத்து வைத்தார். அந்த மூன்று நாளில்தான் சேலைக்குப் பணம் கட்டிய அந்த வாடிக்கையாளருடைய பணம் போனது.

யாராவது பணம் இழந்துவிட்டால் நேரம் மிகவும் முக்கியம். இந்தியாவில் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகாரைப் பதிய வேண்டும். பணம் இன்னும் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறாமல் இருந்தால் அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நம் ஊர்க்காரர்கள் பலர் கடல் கடந்து இருப்பதால் அங்குள்ள எண்களையும் உன் பக்கத்தில் எழுதி வை. மலேசியாவில் 997, சிங்கப்பூரில் 1799. கணினி வழியாக இன்னொருவராக நடித்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆகவே பணம் போகாவிட்டாலும் நீ புகார் கொடுக்கலாம், கொடுப்பதுதான் நல்லது.

நீக்கும் வேலையில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். படம் இல்லை, பதிவு இல்லை என்பதற்காக மட்டும் யாரையும் போலி என்று தள்ளிவிடாதே. பினாங்கில் இருக்கும் ஓர் ஆச்சியின் கணக்கில் படமும் கிடையாது, ஒரு பதிவும் கிடையாது. பேரன் திறந்து கொடுத்தது. தினமும் இரவு எங்கள் சேலைகளைப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவாராம். ஒரு நாள் அழைத்து, அறுபதாம் கல்யாணத்துக்கு முப்பது சேலை சொல்லிவிட்டார். அவரை நான் அதற்கு முந்தின வாரம்தான் நீக்கியிருந்தேன்.


பட்டறைப் பெண், ஆத்தங்குடி:

எழுதிய அனைவருக்கும் நன்றி. தறிவீடு அக்கா சொன்னபடி அன்று மாலையே நகல் கணக்கைப் பற்றிப் பக்கத்தில் எழுதினேன். அதைப் பார்த்து மேலும் இரண்டு பேர், தங்களுக்கும் அந்தச் செய்தி வந்ததாகவும் நாங்கள்தான் கேட்கிறோம் என்று நம்பியிருந்ததாகவும் சொன்னார்கள். ஒருவர் மறுநாள் பணம் அனுப்புவதாக இருந்தாராம். கோலாலம்பூர்க்காரரும் அவர் உறவினர்களும் தங்கள் பக்கத்திலிருந்தும் ரிப்போர்ட் செய்தார்கள். நான் செய்ததும் சேர்ந்து நான்காம் நாள் அந்தக் கணக்கு காணாமல் போயிற்று. ஸ்கிரீன்ஷாட்டுகளை வைத்து இணையவழிப் புகாரும் பதிவு செய்துவிட்டேன்.

ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. பினாங்கு ஆச்சியைப் பற்றிப் படித்தபின் கை நடுங்குகிறது. வெற்றுக் கணக்கில் உண்மையானவரை எப்படிப் பிரித்தறிவது? இன்னொன்று, நேற்று இன்ஸ்டாகிராம் உதவிப் பிரிவிலிருந்து வருவதாகச் சொல்லி ஒரு செய்தி வந்தது. எங்கள் பக்கம் காப்புரிமையை மீறிவிட்டதாகவும், 24 மணி நேரத்துக்குள் லிங்க்கைத் திறந்து விளக்கம் கொடுக்காவிட்டால் பக்கம் நீக்கப்படும் என்றும் இருந்தது. இன்னும் திறக்கவில்லை.


வலைப்பணி, புதுவயல்:

திறக்காதது மிக நல்லது, திறக்கவே வேண்டாம். அதுவும் இதே கூட்டத்தின் வேலைதான். காப்புரிமைப் பிரச்சினையை இன்னொரு பயனரின் பெயரில் டிஎம் வழியாக இன்ஸ்டாகிராம் தெரிவிப்பதில்லை. மின்னஞ்சலாக வந்திருந்தால், அமைப்புகளுக்குள் கடவுச்சொல், பாதுகாப்புப் பகுதியில் அண்மையில் அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல்களின் பட்டியல் இருக்கும். அதில் இல்லாத கடிதம் அவர்களுடையது அன்று. அந்தக் கணக்கை ரிப்போர்ட் செய்து பிளாக் செய்துவிடுங்கள். பிளாக் செய்யும்போது, அவர் புதிதாகத் தொடங்கும் கணக்குகளையும் சேர்த்துத் தடுக்கும் தேர்வு கேட்கப்பட்டால் அதையே தேர்ந்தெடுங்கள்.

ஆச்சிகளைக் காப்பாற்ற ஒரே அடையாளத்தை வைத்து முடிவு செய்யாமல் மூன்று நான்கைச் சேர்த்துப் பாருங்கள். அந்தக் கணக்கு எத்தனை பேரைப் பின்தொடர்கிறது என்பதுதான் என் முதல் அளவுகோல். இன்ஸ்டாகிராமில் ஒருவர் அதிகபட்சம் 7,500 பேரைப் பின்தொடரலாம். போலிக் கணக்குகள் பல அந்த எல்லையை நெருங்கி நிற்கும்; வீட்டிலிருந்து பார்க்கும் பெரியவர் பின்தொடர்வது முப்பது நாற்பது பேராகவே இருக்கும், அவர்களிலும் கோயில் பக்கமும் பேரப்பிள்ளைகளும் சொந்தக்காரர்களும் நிறைந்திருப்பார்கள். உங்களுக்கும் அவருக்கும் பொதுவாகத் தெரிந்தவர் ஒருவராவது இருந்தால் விட்டுவிடுங்கள். ரீல் பரவிய அந்த இரண்டு வாரத்துக்கு முன்பே இருந்தவர்களையும் தொடாதீர்கள். சந்தேகம் தீராத கணக்கை அப்படியே விட்டு வையுங்கள். கானாடுகாத்தான் நண்பர் சொன்னது அந்த இடத்தில் பொருந்தும்.


பட்டறைப் பெண், ஆத்தங்குடி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இரவு வேலை முடிந்தபின் நானும் கொழுந்தனும் உட்கார்ந்து தினமும் ஐம்பது அறுபது கணக்குகளாக நீக்கினோம். எங்கள் பட்டியலிலும் ஸ்பேம் என்று பிரித்துக் காட்டும் பகுதி இருந்ததால் அதில் மட்டும் ஏறத்தாழ மூவாயிரம் கணக்குகள் ஒரே மாலையில் போயின. இப்போது 7,100 பேர் இருக்கிறார்கள். எண்ணிக்கை இறங்குவதைப் பார்த்து மாமனார் முதலில் வருத்தப்பட்டார். பேரேடு ஐயா எழுதியதைப் படித்துக் காட்டியதும், "வாராக்கடன் என்றால் சரிதான்" என்று சொல்லிவிட்டுக் கல் போடப் போய்விட்டார். முதல் தேதியன்று சிட்டையும் எழுதத் தொடங்கிவிட்டோம்.

படத்தின் கீழ் விலையை எழுதத் தொடங்கியதில் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. மற்ற பட்டறைக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று. நேற்று பக்கத்துப் பட்டறை அண்ணன் வந்து, அவர்கள் பக்கத்திலும் அப்படியே எழுத வேண்டும் என்றும், நகல் கணக்கைப் பற்றி நான் எழுதிய அறிவிப்பை அனுப்பும்படியும் கேட்டார். அனுப்பிவிட்டேன். கோலாலம்பூர்க்காரருக்கான கல் தண்ணீர்த் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது. அடுத்த வாரம் வண்டி ஏற்றுகிறோம்.